பதினோரு மாடு, ஓர் இரவு

வெர்லானில் நான் தபால்காரி.
முப்பத்தாறு பெட்டி, ஒரு மஞ்சள் வண்டி,
மழையில் மட்டும் திறக்காத இடப்பக்கக் கதவு.

ஊருக்கு இரண்டு கரை.
ஒன்று வெயில் பார்த்தது.
மற்றதில் நவம்பர் ஏழாம் தேதி
மலைக்குப் பின்னால் போகிற சூரியன்
பிப்ரவரி நான்காம் தேதிதான் தலைகாட்டும்.
நிலத்தின் விலையே அதை வைத்துத்தான்:
நிழலில் மூன்று வயல், வெயிலில் ஒன்றுக்குச் சமம்.

அப்பா போன மாதம்
அவர் தொப்பியிலேயே சீட்டுப் போட்டார்கள்.
லெயோன்ஸ் முதலில் கைவிட்டான். வெயில்.
செலெஸ்தினுக்கு மிச்சமிருந்தது.
சீட்டின் முனை மடிந்திருந்தது என்றாள் அவள்.
தொப்பியே கசங்கிய தொப்பி என்றான் அவன்.
அதன் பிறகு ஒன்பது வருடம்
அவர்கள் பேசியதை நான் கேட்டதில்லை.

ஒரு வீட்டில் தும்மினால்
எதிர்க்கரை நாய் காதை நிமிர்த்தும்.
இடையில் ஆறு, பாறையை அறுத்து ஓடுகிற ஆறு.
பாலம் கீழே, ஆலைக்குப் பக்கத்தில்.
கடிதம் எழுதினால் மட்டும்
அது நகரத்துக்குப் போய், முத்திரை குத்திக்கொண்டு,
எண்பது கிலோமீட்டர் சுற்றி
அக்கரைக்கு வரும்.

அந்தக் கோடையில் ஜூன் முழுக்க வானம் வெறும் தகரம்.
வெயில் கரைப் புல்
தேய்ந்த துடைப்பமாகிவிட்டது.
ஆற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாதென்று
அரசாங்கத் தாள் வந்தது,
நான்தான் ஒட்டினேன்.
வைக்கோல் லாரிக்காரன் சொன்ன விலையைக் கேட்டு
லெயோன்ஸ் தொலைபேசியை
மேசைமேல் மெதுவாகக் கவிழ்த்து வைத்தான்.

எதிரே, மே வரை பனி கிடந்த சரிவில்
ஆகஸ்டிலும் கெண்டைக்கால் உயரத்துக்குப் பச்சை.
அவன் பார்த்தான்.
அவன் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

பதினைந்தாம் தேதி இரவு, ஊர் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தபோது
மாடுகளின் மணிகளுக்குள்
பழைய காலுறைகளைத் திணித்தான்,
பாலத்தைத் தாண்டி ஓட்டி வந்தான்.
பதினோரு மாடு, ஒரு சத்தமில்லை.
ஆனால் புல் அறுபடுகிற சத்தத்துக்கு
காலுறை ஏது?
அவள் படுத்தபடியே கேட்டாள்.
விளக்கைப் போடவில்லை.

காலையில் பாலத்தின் மேல் சாணம், இன்னும் ஆவி பறந்தது.
நான் வண்டியை வளைத்து ஓட்டினேன்.
யார் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை செலெஸ்தின் ஒரு உறை கொடுத்தாள்.
கையில் மெத்தென்று இருந்தது.
எடை போட்டேன், தபால்தலைக்கு இன்னும் கொஞ்சம் கேட்டேன்,
முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள்.

சனிக்கிழமை லெயோன்ஸ் வாசலிலேயே பிரித்தான்.
உள்ளே துவைத்து மடித்த நீலக் காலுறை, ஒற்றை.
ஒரு பில்:
*பதினோரு மாடு, ஓர் இரவு.
தலைக்கு இரண்டு யூரோ.
காலுறையை மேய்ச்சலில் விட்டது: இலவசம்.*

அவன் இரண்டு முறை வாசித்தான்.
காது சிவந்தது, சிரிப்பா கோபமா
என்று சொல்ல நான் டாக்டர் இல்லை.
என் முதுகின் மேல் தாளை வைத்து
காசோலை எழுதினான். இருபத்திரண்டு.
பேனா முனை சட்டைக்குள் குத்தியது.

அதுவும் நகரத்துக்குப் போய்த் திரும்பியது.
செவ்வாய் காலை அவள் உறையைக் கிழித்து,
காசோலையை ரொட்டி டப்பாவுக்கு அடியில் தள்ளிவிட்டு,
"ஏழு இவன் எழுதினால் இன்னும் ஒன்று மாதிரிதான்"
என்றாள்.
காசோலையில் ஏழே கிடையாது.

அன்றிரவு ஊரே விழித்துக்கொண்டது.
மணிகள்.
காலுறை இல்லாத, வாய் நிறைந்த மணிகள்
ஆலையைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி,
ஒவ்வொன்றும் தன் குரலில்.
மேயர் ஜன்னலைத் திறந்து திட்டினார், அப்புறம் மூடிக்கொண்டார்.
நிழல் கரையில் சமையலறை விளக்கு எரிந்தது.
நான் படுத்தபடி எண்ணினேன்.
பன்னிரண்டு.
ஒன்றைக் கூடுதலாகவே ஓட்டி வந்திருக்கிறான்.

புதன்கிழமை இரு வீட்டிலும் எனக்கு வேலையில்லை.
பாலத்தில் புதுச் சாணம்.
இந்த முறை வண்டியை வளைக்கவில்லை.